இரண்டரை மணி நேர வெயில்

டோக்கியாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. அவள் புருஷன் நெஸ்டர், தன் மனிதர்கள் கூடியிருக்கும் இடத்தில், ஒரு தடவை வாயைத் திறந்து, "குற்றம் இவள்மேல் இல்லை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நிலமா கேட்டாள், நகையா கேட்டாள்? ஒரு வாக்கியம். அதற்காக அவள் காத்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்து, பேரனையும் பார்த்துவிட்டார்கள்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பத்தாறாம் வருஷம், கோதுமை அறுவடை முடிந்த கையோடு. பிறந்த வீடு பன்னிரண்டு மைல் தள்ளி, ஆற்றுச் சரிவின் மேலே. மறு வசந்தத்தில் பனி கரைந்ததும் அங்கே போய், சரிவில் கிடந்த சாஸ்கட்டூன் புதரிலிருந்து ஆறு பக்கக் கன்றுகளை வேரோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். கன்று கொண்டு வராத மணப்பெண் எங்கள் பக்கம் கிடையாது. மே மாதம் இலைக்கு முந்திக்கொண்டு வெள்ளையாய்ப் பூக்கும். ஜூலையில் கொத்துக் கொத்தாய்ப் பழுத்து, நாவல் பழ நிறத்தில் நாக்கைக் கறையாக்கும். மாவுக்குள் அந்தப் பழத்தை வைத்து மூடி, கொதிநீரில் போட்டெடுத்து, புளித்த பாலேட்டைத் தொட்டுச் சாப்பிடும் பிரோஹி இல்லாமல் ஜூலையில் ஒரு விருந்தும் நடக்காது.

கன்றுகளைக் கிணற்றுப் பக்கத்து வெட்டவெளியில் வைக்கத்தான் டோக்கியா குழி தோண்ட ஆரம்பித்தாள். நெஸ்டர் ஓடி வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். அங்கே வைத்தால் காற்று பிய்த்துப் போட்டுவிடும் என்றான். ரோட்டோரம் தெற்கிலும் மேற்கிலுமாக வரிசை கட்டி நின்ற பதினொரு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களுக்கு உள்பக்கம் அவளை அழைத்துப் போனான்.

"இங்க வை டோக்கியா. ஒரு இலை அசையாது" என்றான்.

அன்றைக்கு அது பிரியம்தான், பொய் சொல்லக் கூடாது. முப்பதுகளில் காற்று எங்கள் வயல்களை வாரி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த அப்பன்மாரின் பிள்ளைகள் நாங்கள். பகலில் விளக்கேற்றி, ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, அப்படியும் கஞ்சியோடு மண்ணைத் தின்றவர்கள் அவர்கள். அதனால் இங்கே மரம் நட்டவனுக்கு ஒரு மரியாதை உண்டு. நெஸ்டர் பன்னிரண்டு வயதில், கணுக்கால் உயரக் கன்றுகளாக அந்தப் பதினொன்றையும் நட்டு, கால் மைல் தூரத்துக் குட்டையிலிருந்து இரண்டு கையிலும் வாளி தூக்கித் தண்ணீர் ஊற்றியவன். மரம் கெடுதல் செய்யும் என்று இந்தச் சமவெளியில் எவனாவது சொன்னால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைப்போம். அந்தச் செடி பிறந்த இடம் தெற்கு பார்த்த மொட்டைச் சரிவு, நாள் முழுக்க வெயிலில் குளித்துக்கொண்டு நின்றது என்று யாருக்கும் தோன்றவில்லை. பாதுகாப்பாக வைக்கிறோம் என்று நினைத்து நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

முதல் நாலைந்து வருஷம் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி பழம் கிடைத்தது. ஸ்ப்ரூஸ் வளர வளர அதுவும் நின்றது. செடிகள் ஒல்லி ஒல்லியாய் நீண்டு, வடக்கே சாய்ந்து, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டின. ஆகஸ்டில் இலையெல்லாம் மாவு பூத்தாற்போல் வெளுத்துவிடும். பூ அங்கொன்று இங்கொன்று. பழத்தை எண்ணிவிடலாம்.

பிள்ளையும் இல்லை.

நெஸ்டரின் அண்ணன் பெண்டாட்டி யுஸ்தினாவுக்கு ஐந்து. கெட்டவள் என்று சொல்ல முடியாது. டோக்கியாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தபோது பத்து நாள் சூப் வைத்துக் கொண்டுவந்து ஊட்டியவளும் அவள்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கூடத்தில் பத்துப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, டோக்கியா கை பட்டால் செடிகூட மலடாகிவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நெஸ்டர் அங்கேதான் இருந்தான். கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டாற்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுபத்தொன்றில் டோக்கியா பல்வலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள். பல்லைக் காட்டவில்லை. பெண்களுக்கான டாக்டரைப் பார்த்தாள். வெட்கத்தைப் பிடுங்கித் தின்கிற மாதிரி சோதனையெல்லாம் முடித்து, உன்னிடம் ஒரு குறையும் இல்லையம்மா, உன் வீட்டுக்காரரை அழைத்து வா என்றார் அவர். திரும்பி வந்து மாட்டுக் கொட்டகையில் வைத்து நெஸ்டரிடம் சொன்னாள். அவன் பால் கறப்பதை நிறுத்தவில்லை. நகரத்து டாக்டர்கள் காசுக்கு எதையும் சொல்வார்கள் என்றான். தன் குடும்பத்தில் யாருக்கும் அப்படியில்லை, அண்ணனுக்கு ஐந்து இருக்கிறது என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதையாவது பொறுக்கலாம். எங்கள் கிறிஸ்துமஸ் சடங்கு ஒன்று உண்டு, அதுதான் அவளைக் கொன்றது. பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான ஜனவரி ஆறாம் தேதி, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பாட்டு மேசையில் உட்காருவதற்கு முன்னால், வீட்டுத் தலைவன் கோடரியை எடுத்துக்கொண்டு காய்க்காத மரத்திடம் போவான். "காய்ப்பியா, வெட்டட்டுமா?" என்று மூன்று தடவை மிரட்டுவான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு பிள்ளை, "வெட்டாதே, காய்க்கிறேன்" என்று மூன்று தடவை கெஞ்சும். பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போவார்கள். மற்ற வீடுகளில் அது விளையாட்டு. இந்த வீட்டில் ஒளிந்துகொள்ளப் பிள்ளை ஏது? டோக்கியாதான் அந்தக் காய்க்காத செடிகளுக்குப் பின்னால் போய்ப் பனியில் குந்த வேண்டும். முட்டுவரை பாவாடை நனைய, மூச்சு உறைய, காய்க்கிறேன், காய்க்கிறேன், காய்க்கிறேன் என்று அவள் சொல்லுவாள். வருஷா வருஷம். முப்பத்துச் சொச்சம் வருஷம். ஒரு பெண்ணை இதைவிட அழகாக அவமானப்படுத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறாம் வருஷம் ஜூனில், விவசாயப் பத்திரிகையின் தோட்டப் பக்கத்தில் அவள் நாலு வரி படித்தாள். சாஸ்கட்டூனுக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பழம் வராது. பெரிய மரத்தின் வேர் பக்கத்தில் இருந்தால் தண்ணீரும் மிஞ்சாது என்று போட்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் சமையலறைக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் செடியருகே ஒரு குச்சியை நட்டு, அதன்மேல் வெயில் படும்போதெல்லாம் கோயில் காலண்டரின் முதுகில் குறித்தாள். காலை ஆறரைக்கு வடகிழக்கிலிருந்து வந்த வெயில் ஒன்பதுக்குப் போய்விட்டது. பிறகு தெற்கு வரிசையின் நிழல் மதியம் முழுக்க. சாயங்காலம் மேற்கு வரிசையின் நிழல். ஐந்து நாள் பார்த்தாள். ஐந்து நாளும் அதே கணக்கு. இரண்டரை மணி நேரம்.

செடிமேல் தப்பில்லை என்று தெரிந்த நிமிஷம் அவளுக்கு அழுகை வந்தது. நகரத்து டாக்டர் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

காலண்டரை நெஸ்டரிடம் காட்டினாள். மூன்று மரத்தை எடுத்தால்கூடப் போதும் என்றாள். அவன் கண்ணாடி போடாமலே அதைப் புரட்டிப் பார்த்தான்.

"மரம் நிழல்தானே குடுக்குது, உன் பழத்தைத் திங்கவா செய்யுது? வேணும்னா வசந்தத்துல டிராக்டரக் கட்டி அந்த ஆறு செடியையும் பிடுங்கிடறேன். உருளைக்கிழங்காவது விளையும்."

சொன்னால் செய்கிறவன் அவன். அந்த வருஷக் குளிரில் டோக்கியா சரியாகச் சாப்பிடவில்லை. ஜனவரி ஆறாம் தேதி, சடங்குப்படி பன்னிரண்டு பதார்த்தமும் செய்து மேசையில் வைத்துவிட்டு, முதல் நட்சத்திரத்தைப் பார்த்ததும் வழக்கம்போல் செடிக்குப் பின்னால் போய்க் குந்தினாள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. கோடரியோடு வந்து நெஸ்டர் கேட்டான், "காய்ப்பியா, வெட்டட்டுமா?"

பதில் வரவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டான். செடி பேசவில்லை. மூன்றாவது தடவை அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. டோக்கியா எழுந்து நின்றாள்.

"என்னால காய்க்க முடியாது நெஸ்டர். என் வெயில மறைச்சுக்கிட்டு நிக்கறது நீ. தப்ப உன் பக்கம் வச்சிக்கிட்டு என்கிட்ட கோடரியத் தூக்கிட்டு வராத."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று பன்னிரண்டு பதார்த்தத்தையும் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் பேச்சு உப்பு எடு, கதவைச் சாத்து என்ற அளவோடு நின்றது.

ஏப்ரலில் ஒரு காலை ரம்பச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தாள். நெஸ்டர் முதல் ஸ்ப்ரூஸை அறுத்துக்கொண்டிருந்தான். மூன்றல்ல, பதினொன்றையும் அறுத்தான். நாலு நாள் ஆயிற்று. ரோட்டில் போன டிரக்குகள் நின்று பார்த்துவிட்டுப் போயின. அண்ணன் ஓடிவந்து, அப்பா கையால் குழி தோண்டிய மரமடா என்று கத்திப் பார்த்தான். கடைசி மரம் விழுந்ததும் நெஸ்டர் வீட்டு வாசலில் வந்து, முகத்தில் ரம்பத்தூளோடு நின்றான்.

"வெயில் வந்தாச்சு. இப்ப பாப்போம், யார் மேல தப்புன்னு."

அவளைத் தோற்கடிக்கத்தான் அவன் வெட்டினான் என்பது டோக்கியாவுக்குப் புரிந்தது. புரிந்தும் சந்தோஷப்பட்டாள். நீண்டு கிடந்த கிழட்டுக் கிளைகளைத் தரைமட்டத்துக்கு வெட்டினாள். மக்கின சாணம் போட்டாள், வைக்கோல் பரப்பினாள், ஜூலை வெக்கையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் விட்டாள். வெட்டின இடத்திலிருந்து கட்டைவிரல் பருமனில் புதுக் குருத்து வந்தது. பழம் வரவில்லை. மறு வருஷமும் இல்லை. அதற்கடுத்த மே மாதம் ஆறு செடியும் வெள்ளையாய்ப் பூத்து நின்றபோது, காற்றைத் தடுக்க மரமில்லாத அந்த முற்றத்தில் ஒரு பனிக்காற்று புகுந்து மூன்று நாளில் எல்லாவற்றையும் கருக்கிவிட்டது. பார்த்தாயா என்றான் நெஸ்டர். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை அவள் மறக்கவில்லை.

தொண்ணூற்று நான்கில் காய்த்தது.

எப்படிக் காய்த்தது என்கிறீர்கள்! கிளை தாங்காமல் வளைந்து, கைக்கு எட்டும் உயரத்தில் கறுநீலமாய்த் தொங்கியது. ஜூலை பதினொன்றாம் தேதி, பேதுரு பவுல் திருவிழாவுக்கு முந்தின நாள், டோக்கியா இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முதல் வாளி நிறைந்து இரண்டாவதைக் கட்டிய நேரத்தில் நெஸ்டர் வந்தான். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் மென்றான். பிறகு அவளைப் பார்க்காமல், எதிர்ப் பக்கத்துக் கிளையில் பறிக்கத் தொடங்கினான்.

"நானும் போனேன்" என்றான்.

"எங்க?"

"நகரத்துக்கு. நீ போன மறு வருஷம். மாடு விக்கப் போனப்போ. வேற டாக்டர்."

டோக்கியா கிளையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பிள்ளை பொறக்காதுன்னுட்டாரு. வயசுப் பையனா இருந்தப்போ பொன்னுக்கு வீங்கி வந்துச்சுல்ல, அதனாலயாம்."

முப்பத்திரண்டு வருஷம். ஒவ்வொரு ஜனவரியும் தெரிந்துகொண்டேதான் கோடரியைத் தூக்கியிருக்கிறான். பாவி மனுஷன். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள்; பழம் வீணாகிவிடுமே என்றுதான் விட்டாள். தெரிந்துமா என்னைப் பனியில் உட்கார வைத்தாய் என்று கேட்டாள். அவன் சொன்ன பதில் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

"அண்ணன் வீட்ல செய்றாங்கல்ல. நாம செய்யலன்னா ஏன்னு கேப்பாங்க."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வாளியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றாள்.

"நாளைக்கு விருந்துல சொல்லு. யுஸ்தினா அக்கா முன்னாடி, உங்க அண்ணன் முன்னாடி. உன்கிட்டதான் குறைன்னு ஒரு வார்த்தை. நான் உன்ன மன்னிச்சிடறேன்."

நெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொல்கிறேன் என்றான். சிலுவை போட்டுச் சொன்னான்.

அன்று சாயங்காலம் டோக்கியா நூற்றிருபது பிரோஹி பிடித்தாள். மாவு பிசையும்போது அவள் முணுமுணுத்துப் பாடியதை நெஸ்டர் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவன் வந்து, கேட்காமலே, உட்கார்ந்து ஓரங்களை மடித்துக் கொடுத்தான். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்திருக்கிறான்.

மறுநாள் பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் நீள மேசைகள் போட்டார்கள். பன்றி வறுவல், முட்டைக்கோஸ் சுருள், சதகுப்பைக் கீரை போட்ட புது உருளைக்கிழங்கு, நடுவில் டோக்கியாவின் பெரிய தட்டு. ஒரு பக்கம் நெஸ்டரும் அவளும். எதிர்ப்பக்கம் அண்ணனும், யுஸ்தினாவும், அவர்களுடைய ஐந்து பிள்ளைகளில் மூன்று பேரும், மருமகள்களும், அவர்கள் மடியில் குழந்தைகளும். யுஸ்தினா ஒன்றை எடுத்துக் கடித்தாள். உதடெல்லாம் ஊதாவாயிற்று. பழம் எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். எங்கள் வீட்டுச் செடி அக்கா என்றாள் டோக்கியா.

"அடி ஆத்தி! கடைசியில உன் கையிலயும் ஒண்ணு காய்ச்சிடுச்சே!" யுஸ்தினா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "நெஸ்டர், உன் பொறுமைக்குக் கோயில் கட்டணும்டா. வேற ஆம்பளையா இருந்தா இவள எப்பவோ அவ அப்பன் வீட்ல கொண்டுபோய் விட்டிருப்பான்."

மேசை முழுக்கச் சிரித்தது. மருமகள்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். டோக்கியா சிரிக்கவில்லை. அவள் திரும்பி நெஸ்டரைப் பார்த்தாள். இதைவிட நல்ல இடம் ஒருவனுக்குக் கிடைக்குமா? வார்த்தையைக் கையில் எடுத்துக் கொடுத்தாற்போல் யுஸ்தினாவே கொடுத்துவிட்டாள். நெஸ்டரின் காது சிவந்தது. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்த பேரனைப் பார்த்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான்.

"அந்தப் பாலேட்ட இப்படித் தள்ளு" என்றான்.

கிண்ணம் அவள் பக்கத்தில்தான் இருந்தது. தள்ளினாள். அவன் அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டான், தலையை நிமிர்த்தவேயில்லை. அன்று நெஸ்டர் பதினொரு பிரோஹி சாப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள் டோக்கியா.